கணக்கும் கவாத்தும்

சேலத்திலிருந்து வடக்கு நோக்கி ஏறும் மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகின்றது. ஏரியும் காடும் ஒருங்கே அமைந்த இடமாதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். சேர்வராயன் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூர்க்கு மே மாதத்தில் மக்கள் திரள் திரளாக வருவர். ஏரியில் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு செல்லும். மலையுச்சியில் குகைக்குள் உறையும் சேர்வராயனுக்குத் திருவிழா நடப்பதும் அம்மாதத்திலேயே. பின்னர் மழை தொடங்கும், மூடுபனி இறங்கும், கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகு ஊர்ச் சாலைகளில் உலவுவோர் கண்ணில் படுவன பூட்டிய வீடுகள்.

சமவெளியில் வாழ்வோர் கோடை வாழ்க்கைக்கெனக் கட்டிய வீடுகள் அவை. அவற்றுட் பல ஆண்டில் சில வாரங்களே திறந்திருக்கும். தோட்டக்காரர் ஒருவர் காலையில் வந்து சருகு கூட்டிவிட்டுச் செல்வார். கூரையின்மேல் வட்டத் தட்டொன்று வானை நோக்கியபடி நிற்கும். அதன் விளிம்பில் குரங்கு அமர்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே தொலைக்காட்சியைக் காண்பார் ஒருவரும் இல்லை. ஆயினும், உரியவர் ஊர் திரும்பும்போது இணைப்பை நிறுத்தி வைக்குமாறு சொல்ல மறந்தாராயின், அத்தொலைக்காட்சிக்கும் இணையத்திற்கும் உரிய கட்டணம் திங்கள்தோறும் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். மழை பெய்யும், பனி பெய்யும், பணமும் ஒழுகும்.

இது செல்வர் வீட்டுச் செய்தி, எளியவர்க்கு இதில் என்ன என்று தள்ளிவிடுதல் தவறு. இத்தகைய பூட்டிய வீடொன்று இன்று பெரும்பாலான குடும்பங்களின் கைப்பேசிக்குள்ளும் இருக்கின்றது. திரைப்படம் காண்பதற்கு ஒரு கட்டணம். பாடல் கேட்பதற்கு ஒரு கட்டணம். நிழற்படங்களைச் சேர்த்து வைப்பதற்கு ஒரு கட்டணம். பிள்ளைகளின் பாடத்திற்கு ஒரு கட்டணம். இவற்றுள் எத்தனை திறந்த வீடுகள், எத்தனை பூட்டிய வீடுகள் என்று கேட்டால், கட்டணம் செலுத்தும் குடும்பத் தலைவரே விடை கூற இயலாமல் விழிப்பார்.

சந்தா என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. இதழ்களை வளர்த்தது அதுவே. பாரதியார் நடத்திய ‘இந்தியா’ இதழ் 1908ஆம் ஆண்டில் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குச் சென்றது. ஆங்கில அரசு அவ்விதழைத் தன் ஆட்சிப் பகுதிக்குள் வரவொட்டாமல் தடுத்தது. படிப்போர் கைக்கு இதழ் எட்டாமற் போகவே, 1910ஆம் ஆண்டில் அது நின்றது. ஆண்டுச் சந்தா அனுப்பிவிட்டுத் தபாற்காரரின் வரவை நோக்கியிருந்தவர்களின் அன்பினால் உயிர் வாழ்ந்த சிற்றிதழ்கள் அதற்குப் பின்னும் பலவாகும். ஆதலின் சந்தா கட்டுவதெல்லாம் வீண் என்று ஒரே வீச்சில் வெட்டிவிடுதல் பொருந்தாது. படித்தவன் கட்டிய சந்தா வேறு. மறந்தவன் கட்டும் சந்தா வேறு.

முன்னாளில் மறப்பதற்கு இடம் குறைவாக இருந்தது. பால்காரர் நாள்தோறும் வாயிலில் வந்து நின்றார். அளந்து ஊற்றிய பாலுக்குச் சுவரில் கரிக்கோடு ஒன்று விழுந்தது. மாத முடிவில் கோடுகளை எண்ணிப் பணம் கொடுத்தனர். வீட்டார் ஊருக்குச் செல்வதாயின், “நாளை முதல் நான்கு நாள் பால் வேண்டா” என்று ஒரு சொல் சொன்னால் போதும். செய்தித்தாள் போடும் சிறுவனுக்கும் அதே ஒரு சொல்தான். பொருளும் கண்ணுக்குத் தெரிந்தது. பணமும் கையிலிருந்து எண்ணிக் கொடுக்கப்பட்டது. காப்பித் தோட்டங்கள் பலவற்றில் பழம் பறிப்போர் மாலையில் தம் சுமையை நிறுத்துக் காட்டிக் கணக்கில் பதிந்தபின்னரே அன்றைய வேலை முடிந்ததாகக் கொள்கின்றனர். ஒரு கிலோ குறைந்தாலும் அவர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கூலி வாங்கும்போது இத்துணைக் கூர்மையாக இருக்கும் கண், அதே கூலி வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்போது எங்கே போகின்றது?

கழியும் முறையே இதற்கு ஒரு காரணம். கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறையில், குறித்த நாளில் தானாகவே பணம் கழியும் ‘ஆட்டோபே’ வசதி 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வந்தது. வங்கி அட்டைகளின் வழியே இவ்வாறு தானாகக் கழியும் தொகைகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி விதித்த நெறிமுறை 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. முதன்முறை ஒப்புதல் தரும்போது மறைவெண் இட்டு உறுதி செய்ய வேண்டும். அதன்பின் ஒரு வரம்பிற்கு உட்பட்ட தொகை மறைவெண் கேளாமலே கழியும். அவ்வரம்பு 5,000 ரூபாயாக இருந்து, 2022ஆம் ஆண்டில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நூறும் இருநூறுமாகிய திங்கட்கட்டணங்கள் யாவும் இவ்வரம்பிற்குள் அடங்குவன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே ஒருமுறை ‘சரி’ என்றது பலமுறை ‘சரி’ என்றதாகிவிடுகின்றது. மின்கட்டணம் போன்றவற்றிற்கு இம்முறை பெரிதும் உதவும். நாள் தவறிப் போகும் அச்சம் இல்லை. வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டுவதில்லை. ஆனால், வேண்டும் பொருளுக்கு வசதியாக அமைந்த அதே வாய்க்கால் வேண்டாத பொருளுக்கும் தண்ணீர் பாய்ச்சுகின்றது.

மக்கள் மறப்பார்கள் என்பது விற்பவர்க்கும் தெரியும். அமெரிக்க நாட்டு உடற்பயிற்சிக் கூடங்கள் மூன்றில் சேர்ந்த 7,000-க்கு மேற்பட்டோரின் வருகைக் கணக்கை ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாதக் கட்டணமாக 70 டாலருக்கு மேல் செலுத்தியவர்கள் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்ததாகக் கணக்காயிற்று. அதே கூடத்தில் பத்து முறைக்குரிய சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலரே ஆகியிருக்கும். கடைசியாகப் பயிற்சிக்கு வந்த நாளுக்கும் உறுப்பினர் என்னும் நிலையை விட்ட நாளுக்கும் இடையே, சராசரியாக இரண்டு திங்களுக்கு மேல் வாளா கழிந்தன. அவர்கள் அறிவிலிகள் அல்லர். நாளை முதல் தவறாமல் செல்வோம் என்று நம்பியவர்கள். நம்பிக்கைக்கும் நடைக்கும் உள்ள இடைவெளியிலேயே அக்கூடத்தின் வருவாய் ஒரு பகுதி விளைந்தது. “ஒரு திங்கள் இலவசம்” என்று கூவி அழைக்கும் இக்காலத்துச் செயலிகள் அந்நம்பிக்கையையே நம்பி நிற்கின்றன. முப்பத்தோராம் நாள் பணம் கழியத் தொடங்கும் என்பதைச் சிறிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதவில்லை என்று குறை கூற இயலாது.

நுழையும் வாயில் அகலமாகவும் வெளியேறும் வாயில் ஊசிக்காது போலவும் இருப்பது இவ்வணிகத்தின் மற்றொரு சூழ்ச்சி. சேர்வதற்கு ஒரு தொடுதல் போதும். நிறுத்துவதற்கோ, பொத்தான் எங்கே என்று தேட வேண்டும், கண்டபின் “உறுதியாகவா?” என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், “இன்னும் ஒரு திங்கள் பாதி விலைக்குத் தருகிறோம்” என்னும் தூண்டில் வரும். இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகளில், வணிகர் கையாளும் 13 வகை ஏமாற்று வடிவங்கள் தடை செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று சந்தாப் பொறி. சந்தாவை விட்டு நீங்குவதை இயலாததாகவோ, சுற்றி வளைத்ததாகவோ அமைத்தல் அதன் இலக்கணம். செருமனி நாட்டில், இணையத்தில் செய்துகொண்ட இத்தகைய ஒப்பந்தங்களை முறிப்பதற்கு எளிதிற் காணக்கூடிய பொத்தான் ஒன்று இருந்தாக வேண்டும் என்னும் சட்டம் 2022ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டில் அதைப் போன்ற விதியொன்று வகுக்கப்பட்டது. அது முழுமையாக நடைமுறைக்கு வருமுன், 2025ஆம் ஆண்டு சூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது.

சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று அமைதல் தகுமா? ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி, அட்டையிலிருந்து பணம் கழிவதற்கு 24 மணி நேரத்திற்கு முன்னரே செய்தி அனுப்ப வேண்டும். கொடுத்த ஒப்புதலை எந்நேரத்திலும் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். செய்தியும் வரத்தான் வருகின்றது. நகைக்கடைத் தள்ளுபடி, கடன் தருவோர் அழைப்பு, பண்டிகை வாழ்த்து ஆகியவற்றுக்கு நடுவே அதுவும் ஒன்றாய்ப் புதைந்து கிடக்கின்றது. கதவு திறந்திருக்கின்றது என்று சட்டம் சொல்லும். கையைப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லாது. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாத வணிகர்மீது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் நிறுத்தவே சொல்லாதவர் யார்மீது முறையிடுவது?

இவ்விடத்தில் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத்திற்குத் திரும்புதல் நலம். 1820களில் சேலத்தின் ஆட்சித் தலைவராக இருந்த டேவிட் காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். இரு நூற்றாண்டுகளாக இம்மலை மக்கள் கைதேர்ந்த தொழில்களுள் ஒன்று கவாத்து. காப்பிச் செடியில், பழம் தரும் கிளைகள் பக்கவாட்டில் படரும். அடித்தண்டிலிருந்து நேரே மேல்நோக்கிச் சில போத்துகள் கிளம்பும். அவை செழிப்பானவை, பளபளக்கும் இலை உடையவை. தோட்டத் தொழில் அறியாதவர் பார்த்தால், செடியிலேயே சிறந்த பகுதி அதுதான் என்பார். ஆனால் அவை செடி உண்ணும் உணவைத் தாம் உண்டு, பழத்திற்கு ஒன்றும் விடமாட்டா. ஆதலின் பறிப்பு முடிந்ததும் காய்ந்தவற்றையும் காய்த்து ஓய்ந்தவற்றையும் வெட்டிக் கழிப்பர். போத்துகளை ஒருமுறை கிள்ளினால் போதாது, மழைக்குப் பின் மீண்டும் தலை நீட்டும், மீண்டும் கிள்ளுவர். அவற்றின்மேல் தொழிலாளிக்குச் சினம் ஒன்றும் இல்லை. செடி ஒவ்வொன்றின் முன்னும் நின்று, எது காய்க்கும், எது காய்க்காது என்று பார்ப்பதே அவருடைய திறமை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும் காய்ப்பதில்லையே, அதையும் வெட்டிவிடலாமே என்று அவர் எண்ணுவதில்லை. அதன் நிழல் செடிக்கு வேண்டும். அதன் தண்டில் மிளகுக் கொடியும் ஏறிப் படர்கின்றது.

வீட்டுக் கணக்கிற்கும் இத்தகைய கவாத்து வேண்டும். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்க. தந்தை மலைக்கும் சேலத்திற்கும் இடையே சரக்கு வண்டி ஓட்டுபவர். தாய் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர். மகன் சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயில்கின்றான். மகள் பத்தாம் வகுப்பு மாணவி. வீட்டில் பாட்டியும் இருக்கின்றார். திரைப்படச் சந்தா 299 ரூபாய், பாடற்சந்தா 119 ரூபாய், பாடச் செயலி 499 ரூபாய், நிழற்படச் சேமிப்பு 130 ரூபாய், இரண்டாவது கைப்பேசி எண் 199 ரூபாய் என வைத்துக்கொண்டால், திங்களுக்கு 1,246 ரூபாய் ஆகும். ஓராண்டிற்கு 14,952 ரூபாய். இத்தொகையை ஒரே தடவையில் கேட்டால் அக்குடும்பம் கொடுக்குமா? திகைத்து நிற்கும். ஐந்து துளிகளாகப் பிரித்து, ஐந்து வெவ்வேறு நாளில், யாரும் பாராத வேளையில் எடுத்தால் கொடுத்துவிடுகின்றது. “நூறு ரூபாய்தானே” என்று சொல்லும் வாய், அந்த நூறு எத்தனை முறை கழிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

விடுமுறைக்கு மகன் வந்திருக்கும்போது, குடும்பத்தார் அனைவரும் கூடி ஒரு குறிப்பேட்டைத் திறக்கலாம். அதில் சந்தாவின் பெயர், தொகை, பணம் கழியும் நாள், யார் கணக்கிலிருந்து கழிகின்றது, கடந்த 30 நாளில் அதைப் பயன்படுத்தியவர் யார் என எழுதினால் போதும். முதல் நான்கையும் எழுதுவது எளிது. வங்கிக் கணக்கின் மூன்று திங்கள் வரவு செலவையும், பணம் செலுத்தும் செயலியில் உள்ள ஆட்டோபே பட்டியலையும், கைப்பேசியில் செயலிகளைப் பெறும் இடத்தில் உள்ள சந்தாப் பட்டியலையும் பார்த்தால் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழிவனவற்றைக் காண, ஓராண்டுக் கணக்கையும் புரட்ட வேண்டும். மிக எளிதில் மறக்கப்படுபவை அவையே. ஐந்தாவதை நிரப்பும்போதுதான் வேடிக்கை. திரைப்படச் சந்தாவை மகன் பார்க்கிறான் என்று தந்தை கருதியிருப்பார். வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று விடுதியில் இருக்கும் மகன் கருதியிருப்பான். ஒவ்வொருவரும் மற்றவருக்காக விட்டுவைத்த பொருளை ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்.

பாடச் செயலியின் செய்தி இதனினும் நகைப்பிற்குரியது. மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அவ்வகுப்பின் பாடத்திற்காக எடுத்தது அது. ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அண்ணன் அதை நீக்கிவிட்டான். நீக்கியதும் சந்தாவும் ஒழிந்தது என்று அனைவரும் இருந்துவிட்டனர். செயலியை நீக்குதல் வேறு, சந்தாவை நிறுத்துதல் வேறு. வாசற்கதவைச் சாத்திவிட்டால் பால்காரர் கணக்கு முடிந்துவிடுமா? ஒப்புதலைத் திரும்பப் பெறும்வரை பணம் கழியும். ஈராண்டில் 11,976 ரூபாய், இல்லாத செயலிக்குச் சென்றது. இப்பணத்தில் பத்தாம் வகுப்பு மாணவிக்கு நல்ல அகராதியும், நிலப்படச் சுவடியும், ஒரு மிதிவண்டியும் வாங்கியிருக்கலாம். மலைப்பாதையில் மிதிவண்டி எதற்கு என்று கேட்பாராயின், ஒரு நல்ல கம்பளிச் சட்டையாவது வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது எண்ணை விடும்போது சற்றுப் பொறுமை வேண்டும். வங்கிக் கணக்கும் ஆதாரும் அவ்வெண்ணோடு இணைந்திருக்குமாயின், முதலில் அவற்றை வேறு எண்ணுக்கு மாற்றிய பின்னரே விடுதல் தக்கது. நிழற்படச் சேமிப்பையும் அவ்வாறே படங்களை வேறிடத்தில் படியெடுக்காமல் நிறுத்தலாகாது. 130 ரூபாயை மிச்சப்படுத்திப் பாட்டனாரின் ஒரே படத்தை இழத்தல் ஆதாயமன்று. திரைப்படச் சந்தாவைத் தேர்வு முடியும்வரை நிறுத்தி, கோடை விடுமுறையில் ஒரு திங்களுக்கு மட்டும் மீண்டும் எடுக்கலாம். நிறுத்தியவர் மறுபடியும் சேர எந்தத் தடையும் இல்லை. சேர்வதற்குரிய வாயில் எந்நாளும் அகலமாகவே இருக்கும். நிறுத்தியபின் வரும் உறுதிச் செய்தியைப் பாதுகாத்து, அடுத்த திங்களில் பணம் கழிந்ததா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இனிப் பாடற்சந்தா ஒன்று எஞ்சி நிற்கும். குறிப்பேட்டைக் கையில் வைத்திருக்கும் மகனுக்கு முதலில் வெட்டத் தோன்றுவதும் அதுவே. அவன் தன் கைப்பேசியில் இலவசமாகவே பாட்டுக் கேட்பவன், தங்கைக்குப் படிப்பு, தாய் தந்தையர்க்கு ஓய்வில்லை. 119 ரூபாய்க்கு நேரே கோடு இழுக்க அவன் பேனாவைக் கொண்டுபோகும்போது, அடுப்பங்கரையிலிருந்து பாட்டி எட்டிப் பார்ப்பார். “விடியற்காலையில் எனக்கு முருகன் பாட்டு வருமே கண்ணு, அதுவும் நின்றுவிடுமா?” என்று கேட்பார். மூடுபனியில் கைப்பேசிக் குறி எட்டாத நாளிலும் கேட்கும்படி, பேத்தி அப்பாடல்களை முன்னரே பதிந்து கொடுத்திருப்பாள். நாள்தோறும் ஐந்து மணிக்கு, வீட்டில் எவரும் கண்விழிக்குமுன், பாட்டி ஒருவர் மட்டும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பார். மகன் பேனாவை எடுத்துவிட்டு, ஐந்தாவது இடத்தில் பாட்டியின் பெயரை எழுதுவான். அடுத்துப் பணம் கழியும் நாளையும் அதன் பக்கத்தில் குறித்து வைப்பான்.